சமனை முறிக்கும் பெருக்கல்

பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாட்களில் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரே கணக்கு திரும்பத் திரும்பக் காதில் விழும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. இதுதான் கட்-ஆஃப். இரண்டு பேருக்குக் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணிதத்தில் யார் கூடுதல் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமானால் இயற்பியல். விதி இப்படியே நீண்டு பிறந்த தேதிவரை போகும். எதிலும் பிரியாதவர்களைக் கடைசியில் சமவாய்ப்பு எண் பிரிக்கும்.

பெற்றோருக்கு இது ஓர் அரசு விதி. கணிதம் படித்தவருக்கு இது ஒரு பெருக்கல். ஒரு வரிசையை இன்னொரு வரிசையால் பெருக்கி மூன்றாவது வரிசையைப் பெறுகிறோம். இதே பெருக்கல், வெளியைத் தட்டையான சுவர்களால் வெட்டும்போது விழும் துண்டுகளுக்கிடையேயும் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இதைச் சுற்றி வளர்ந்த இயற்கணிதம், சீட்டுக்கட்டு கலைப்பதிலிருந்து இடவியல்வரை பல இடங்களில் ஒரே எண்களை வெளிக்கொண்டு வந்திருக்கிறது. அதைத் தமிழில், நம் மண்ணில் நின்று சொல்லிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம், பெயர்கள் கற்பனை. பகவதி கணிதத்தில் 95, இயற்பியலில் 80, வேதியியலில் 85. மேரி கணிதத்தில் 90, இயற்பியலில் 90, வேதியியலில் 85. பகவதியின் கட்-ஆஃப் 95 + 40 + 42.5 = 177.5. மேரியினுடையது 90 + 45 + 42.5 = 177.5. இருவரும் சமம். விதிப்படி கணிதத்தைப் பார்த்தால் பகவதி முன்னே போகிறாள். இயற்பியலை முதலில் பார்ப்பது என்று விதி இருந்திருந்தால் மேரி முன்னே போயிருப்பாள்.

இங்கே ஒரு வெளி ஒளிந்திருக்கிறது. மூன்று பாடங்களுக்கும் கொடுக்கும் வெயிட்டேஜ் மூன்று எண்கள். மூன்று எண்களைச் சேர்த்தால் முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளி. இப்போதைய விதி, 1, 1/2, 1/2 என்ற புள்ளியில் நிற்கிறது. பகவதிக்கும் மேரிக்கும் உள்ள வேறுபாடு கணிதத்தில் 5, இயற்பியலில் கழித்தல் 10, வேதியியலில் சுழி. ஆகவே கணிதத்தின் வெயிட்டேஜ் இயற்பியலுடையதைப்போல் சரியாக இரண்டு மடங்காக இருக்கும் இடத்தில் எல்லாம் இருவரும் சமம். அந்த இடங்கள் சேர்ந்து ஒரு தளமாகின்றன. வெளியை இரண்டாக வெட்டும் தட்டையான சுவர் அது. சுவருக்கு ஒரு பக்கம் பகவதி முந்துகிறாள், மறுபக்கம் மேரி. நம் விதியோ சுவரின் மேலேயே நிற்கிறது. 'சமமானால் கணிதத்தைப் பார்' என்பதற்கு வடிவியலில் ஒரே பொருள்தான்: நிற்கும் புள்ளியிலிருந்து கணிதம் என்ற திசையை நோக்கி மிகச் சிறிய ஓர் அடி எடுத்து வை, சுவரின் எந்தப் பக்கம் விழுகிறாயோ அதுவே முடிவு.

மாணவர்களில் ஒவ்வொரு சோடிக்கும் இப்படி ஒரு சுவர் உண்டு. ஒரு லட்சம் பேர் என்றால் சோடிகள் ஏறக்குறைய 500 கோடி. அத்தனை சுவர்களும் சேர்ந்து வெயிட்டேஜ் வெளியைச் சின்னச் சின்ன அறைகளாக வெட்டிப் போடுகின்றன. ஓர் அறைக்குள் வெயிட்டேஜை எப்படி நகர்த்தினாலும் ஒருவருடைய ரேங்க்கும் மாறாது. சுவரைத் தாண்டினால்தான் யாரோ இருவர் இடம் மாறுவார்கள். மூன்று பாடத்திலும் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவருக்கிடையே மட்டும் சுவர் கிடையாது. இந்த வெளியில் எந்தப் பக்கம் நடந்தாலும் அவர்கள் பிரியமாட்டார்கள். அவர்களைப் பிரிக்கப் புதிய ஒரு திசை வேண்டும். அதனால்தான் விதி பிறந்த தேதிக்குப் போகிறது.

பரிமாணம் மூன்றானால் சுவர் ஒரு தளம். இரண்டானால் ஒரு கோடு. நான்கு, ஐந்து, நூறு என்று போனால் அதை மீத்தளம் என்போம்: வெளியைவிடச் சரியாக ஒரு பரிமாணம் குறைந்த தட்டையான சுவர். சில மீத்தளங்களைச் சேர்த்து வைத்தால் அது ஓர் அமைவு. பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் இரண்டு பரிமாணத்தில் அது நாம் தினமும் பார்க்கும் காட்சி.

தோவாளையிலிருந்து சுசீந்திரம்வரை பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் அந்தப் பரப்பை வரப்புகள் வெட்டுகின்றன. உண்மையான வரப்பு வளையும், பாதியில் நிற்கும், பாகம் பிரிக்கும்போது இடம் மாறும். நாம் எடுத்துக்கொள்ளும் வரப்புகள் நேர்கோடுகள். இரு பக்கமும் முடிவின்றி ஓடுபவை. அப்போது மனிதன் நிற்கக்கூடிய இடம் மூன்று வகை: வயலுக்குள், வரப்பின் ஒரு துண்டின்மேல், வரப்புகள் சந்திக்கும் முக்கில். ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு பக்கத்தைக் கூட்டல் என்றும் மறுபக்கத்தைக் கழித்தல் என்றும் பெயரிட்டுவிட்டால், வரப்பின்மேல் நிற்பது சுழி. பத்து வரப்பு இருந்தால் பத்துக் குறிகள் போதும், நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இப்போது பெருக்கல். 'அ' என்ற இடத்தில் நிற்கிறீர்கள். 'ஆ' என்ற இடத்தை நோக்கிச் சிறியதாக ஓர் அடி வையுங்கள். கால் பதியும் இடத்தின் பெயர் அ·ஆ. நீங்கள் ஏற்கெனவே வயலுக்குள் நின்றால், சிறிய அடி உங்களை வெளியே கொண்டுபோகாது; அ·ஆ = அ. வரப்பின்மேல் நின்றால், 'ஆ' எந்தப் பக்கமோ அந்த வயலில் இறங்குவீர்கள். 'ஆ'வும் அதே வரப்பின்மேல் இருந்தால் வரப்போடு நடப்பீர்கள், இறங்கமாட்டீர்கள். குறிகளில் சொன்னால் இன்னும் எளிது: 'அ'வின் குறிகளை அப்படியே எழுதிக்கொள், சுழி வரும் இடத்தில் மட்டும் 'ஆ'வின் குறியைப் போடு. கலந்தாய்வு விதி செய்வதும் இதையே. கட்-ஆஃப் முடிவு சொன்ன இடத்தில் அது தலையிடாது. கட்-ஆஃப் மௌனமாக இருக்கும் இடத்தில் மட்டும் கணிதத்தைப் பேசவிடுகிறது.

ழாக் தித்ஸ் என்ற கணிதவியலாளர் 1974இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு நோக்கத்துக்காக இந்தப் பெருக்கலைக் கையாண்டார். பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய அவருக்கு 2008இல் ஏபெல் பரிசு கிடைத்தது. அவர் பெயராலேயே இன்று இது தித்ஸ் பெருக்கல் எனப்படுகிறது.

இந்தப் பெருக்கலின் குணங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சேர்ப்புப் பண்பு உண்டு: கட்-ஆஃப், கணிதம், இயற்பியல் மூன்றையும் இதே வரிசையில் வைத்து, அடுத்தடுத்த எந்த இரண்டை முதலில் கட்டினாலும் விடை ஒன்றே. பரிமாற்றுப் பண்பு இல்லை: கணிதத்தை முதலில் பார்ப்பதும் இயற்பியலை முதலில் பார்ப்பதும் வேறு வேறு என்பதைப் பகவதியும் மேரியும் காட்டிவிட்டார்கள். ஒன்றை அதனாலேயே பெருக்கினால் அதுவே கிடைக்கும்: அ·அ = அ. கணிதத்தில் சமமானவர்களை மறுபடி கணிதத்தால் பிரிக்க முடியாது. இன்னும் ஒரு படி மேலே, அ·ஆ·அ = அ·ஆ. ஏற்கெனவே பேசி முடித்தவர் திரும்ப வந்தாலும் புதிதாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் திரும்பிவரும் வழி கிடையாது. வரப்பிலிருந்து வயலில் இறங்கியவரை எந்தப் பெருக்கலாலும் வரப்புக்கு ஏற்ற முடியாது. முறிந்த சமன் முறிந்ததுதான்.

கல்லூரியில் இயற்கணிதம் குலங்களில் தொடங்கும். குலத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிர்மறை உண்டு. செய்ததை எல்லாம் செய்யாததாக்கலாம். எதிர்மறை இல்லாத அமைப்புக்கு அரைக்குலம் என்று பெயர் வைத்து, ஏதோ குறைபட்ட ஒன்றைப்போல் ஒரு வாரத்தில் கடந்துபோவது வழக்கம். அது தவறு என்பதே என் எண்ணம். வாழ்க்கையில் நாம் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை திரும்பப் பெற முடியாதவை. அவற்றின் கணிதம் குலத்தில் இல்லை, இங்கே இருக்கிறது.

இனி மூன்றாவது ஒருவரைச் சேர்ப்போம்: சுபின். பகவதி, மேரி, சுபின் மூவரையும் சமன்களை அனுமதித்து எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? மூவரும் சமம் என்பது ஒன்று. ஒருவர் தனியாக, இருவர் சமமாக என்றால் ஆறு. மூவரும் தனித்தனியாக என்றால் ஆறு. ஆக 13. நான்கு பேருக்கு 75, ஐந்து பேருக்கு 541.

அதே 13ஐ வெளியில் பார்க்கலாம். மூவரின் மதிப்பெண்களை மூன்று ஆயங்களாகக் கொண்டால் சுவர்கள் மூன்று: பகவதியும் மேரியும் சமமாகும் தளம், மேரியும் சுபினும் சமமாகும் தளம், பகவதியும் சுபினும் சமமாகும் தளம். மூவரும் சமமாகும் கோடு மூன்று தளங்களுக்கும் பொது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் அந்தக் கோட்டின் திசையிலேயே பார்த்தால், ஒரே முக்கில் வெட்டிக்கொள்ளும் மூன்று வரப்புகள் தெரியும். வயல்கள் 6, வரப்புத் துண்டுகள் 6, முக்கு 1. மொத்தம் 13. வயல் என்பது சமனே இல்லாத வரிசை. வரப்புத் துண்டு என்பது ஒரே ஒரு சமன் உள்ள வரிசை. சுபின் முதலில், மற்ற இருவரும் சமம் என்ற துண்டில் நின்று, மேரி முதலில், மற்ற இருவரும் சமம் என்ற துண்டை நோக்கி அடி வைத்தால் கால் பதிவது சுபின், மேரி, பகவதி என்ற வயலில். மாற்றிச் செய்தால் மேரி, சுபின், பகவதி. கூந்தலைப் பின்னும்போது மூன்று கால்களும் மாறி மாறி இடம் பிடிப்பதோடு நெருங்கிய தொடர்புடையது இது. ஆகவே இதைப் பின்னல் அமைவு என்கிறார்கள்.

வயல்களை எண்ணுவது பழைய கேள்வி. சுவிட்சர்லாந்தில் பிறந்த யாகோப் ஷ்டைனர் 1826இலேயே பொதுநிலையில் உள்ள கோடுகளும் தளங்களும் எத்தனை துண்டு போடும் என்று எழுதிவிட்டார். பொதுநிலை என்றால் எந்த இரண்டும் இணையல்ல, எந்த மூன்றும் ஒரே முக்கில் கூடாது. அப்படி நான்கு வரப்பு போட்டால் 11 வயல். 11 என்பது 1 + 4 + 6: முழுப் பரப்பு ஒன்று, வரப்பு நான்கு, முக்கு ஆறு. ஆனால் வரப்புகள் ஒரே முக்கில் கூடினால் இந்தக் கூட்டல் பிசகும். மூன்று வரப்பு ஒரு முக்கில் கூடும்போது 1 + 3 + 1 என்றால் 5தான் வரும், வயல்களோ 6.

அந்த முக்குக்கு எடை 2 கொடுக்க வேண்டும். எடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சின்ன விதி உண்டு. முழுப் பரப்புக்கு 1 போடு. பிறகு ஒவ்வொரு வரப்புக்கும், முக்குக்கும், அதையும் அதைத் தாங்கியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் சுழி வரும்படி ஓர் எண் போடு. வரப்புக்குக் கழித்தல் 1. மூன்று வரப்பு கூடும் முக்குக்கு: 1 − 3 + 2 = 0, ஆகவே 2. குறிகளை மறந்துவிட்டுக் கூட்டினால் 1 + 3 + 2 = 6, வயல்களின் எண்ணிக்கை. எந்தப் பரிமாணத்திலும் எந்த அமைவுக்கும் இது பொருந்தும் என்று 1975இல் தாமஸ் ஸாஸ்லாவ்ஸ்கி நிறுவினார். குறிகளோடு கூட்டினாலும் ஒரு பொருள் உண்டு. பொதுநிலையில் உள்ள நான்கு வரப்புக்கு 1 − 4 + 6 = 3. வெளியே முடிவின்றி விரிந்து போகாமல், எல்லாப் பக்கமும் வரப்பால் அடைபட்ட வயல்கள் சரியாக மூன்று. காகிதத்தில் நான்கு கோடு போட்டு எண்ணிப் பார்க்கலாம்.

1, 3, 2 என்ற இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1987இல் அலெக்சாண்டர் வர்ச்சென்கோவும் இஸ்ரயேல் கெல்ஃபாண்டும் வேறொரு கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு சாட்சியை நிறுத்துவோம். அவர் தம் வரப்பின் கூட்டல் பக்கத்து வயல்களுக்கெல்லாம் 1 என்பார், மறுபக்கத்துக்கு 0 என்பார். வேறெதுவும் அவருக்குத் தெரியாது. இந்தச் சாட்சிகளைக் கூட்டியும் பெருக்கியும் வயல்களுக்கு நாம் விரும்பிய எண்களையெல்லாம் கொடுக்க முடியுமா? முடியும். நான்கு வரப்பு பொதுநிலையில் இருந்தால் மாறிலி ஒன்று, தனிச் சாட்சி நான்கு, இருவர் சேர்ந்து சொல்லும் சாட்சி ஆறு: 11 வயலுக்கு 11 கருவிகள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்று வரப்பு ஒரு முக்கில் கூடும்போது என்ன ஆகும்? மாறிலி ஒன்று, தனிச் சாட்சி மூன்று, சோடிச் சாட்சி மூன்று, ஆக ஏழு. வயல்களோ ஆறு. ஏதோ ஒன்று மிகை. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் மனம் நெகிழ்கிறது. மூன்று சாட்சிகள் சொல்லக்கூடிய பதில்கள் எட்டு. அதில் இரண்டு ஒருபோதும் நடக்காது: பகவதி மேரியை முந்தி, மேரி சுபினை முந்தி, சுபின் பகவதியை முந்துவது ஒன்று, அதற்கு நேர் எதிரான சுழற்சி மற்றொன்று. வரிசை என்றால் சுற்றி வரக்கூடாது. நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் அந்த ஒழுங்கிலிருந்தே சோடிச் சாட்சிகளுக்கிடையே ஒரு சமன்பாடு பிறக்கிறது. மூன்றில் ஒன்றை மற்றவற்றால் சொல்லிவிடலாம். மிஞ்சுவது 1 + 3 + 2.

அடுத்த இடம் இன்னும் எதிர்பாராதது. மேசைமேல் மூன்று புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஏதேனும் ஒன்றைச் சமவாய்ப்பில் உருவி, படித்துவிட்டு, மேலே வைக்கிறீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். சோவியத் கணிதவியலாளர் மிகயில் த்செட்லின் பெயரால் இதை த்செட்லின் நூலகம் என்பார்கள். உருவிய புத்தகத்தை மேலே வைப்பது என்ன? 'இது முதலில், மற்றவை எல்லாம் சமம்' என்ற வரிசையால் பழைய வரிசையைப் பெருக்குவதுதான். மற்ற புத்தகங்களுக்கிடையே புதிய விதி மௌனமாக இருக்கிறது. அங்கே பழைய வரிசை பேசுகிறது.

ஆறு வரிசைகளுக்கிடையே நடக்கும் இந்த நடையை 6×6 அணியாக எழுதி அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டால், 1 ஒரு முறையும், 1/3 மூன்று முறையும், 0 இரண்டு முறையும் வருகின்றன. மறுபடியும் 1, 3, 2. ஐகன் மதிப்பு 1/3 என்பதன் பொருள், ஒவ்வொரு முறை புத்தகம் உருவும்போதும் பழைய வரிசையின் நினைவு சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்பதே. ஒரு புத்தகத்தை மற்றவற்றைவிட அடிக்கடி எடுத்தாலும் முறை மாறாது. ஒவ்வொரு ஐகன் மதிப்பும் சில வாய்ப்புகளின் வெறும் கூட்டல். அது எத்தனை முறை வரும் என்பதைச் சொல்வது மேலே சொன்ன எடைகள். பிடிகேர், ஹன்லன், ராக்மோர் மூவரும் எந்த அமைவுக்கும் பொருந்தும்படி இதை நிறுவினார்கள். கென்னத் பிரவுனும் பெர்சி டயகோனிஸும் 1998இல் அதை விரிவாக்கினார்கள்.

சீட்டுக்கட்டுக்கும் இதுவே. கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் கலைக்கும் முறையைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு காசு சுண்டி, தலை விழுந்தவற்றை அதே வரிசையில் மேலேயும், பூ விழுந்தவற்றை அதே வரிசையில் கீழேயும் வைப்பதுபோல் இருக்கும். 'இந்தக் கூட்டம் முன்னே, அந்தக் கூட்டம் பின்னே, கூட்டத்துக்குள் சமம்' என்ற வரிசையால் பெருக்குகிறோம். நான்கு சீட்டுக்கு 1 ஒரு முறை, 1/2 ஆறு முறை, 1/4 பதினொரு முறை, 1/8 ஆறு முறை. கூட்டினால் நான்கு பேரை வரிசைப்படுத்தும் 24 வழிகள். 52 சீட்டுக் கட்டுக்கு ஏறக்குறைய ஏழு முறை இப்படிக் கலைத்தால் போதும் என்று டேவ் பேயரும் டயகோனிஸும் 1992இல் காட்டியது உலகமெங்கும் பேசப்பட்டது.

மெய்யெண்களை விட்டுக் கலப்பெண்களுக்குப் போனால் சுவர்கள் வெளியைத் துண்டாக்குவதில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம். எண்ண அங்கே வயல்கள் இல்லை. ஆனால் சுவர்களைச் சுற்றிவரும் பாதைகள் உண்டு. விளாதிமிர் அர்னோல்ட் 1969இல் பின்னல் அமைவுக்கு அந்தக் கணக்கைச் செய்தார். மூன்று புள்ளிகளுக்கு அவருக்குக் கிடைத்தது 1, 3, 2. நான்கு புள்ளிகளுக்கு 1, 6, 11, 6. பீட்டர் ஓர்லிக்கும் லூயி சாலமனும் 1980இல் எல்லா அமைவுகளுக்கும் அதை விரித்தார்கள். எந்தச் சுவர்கள் எங்கே கூடுகின்றன என்ற பட்டியல் ஒன்றை மட்டும் வைத்தே அந்த இயற்கணிதத்தை முழுதாக எழுதிவிடலாம் என்பது அவர்கள் கண்டது. வயல் எண்ணுகிறவரும், சாட்சி கேட்கிறவரும், புத்தகம் அடுக்குகிறவரும், பாதை சுற்றுகிறவரும் ஒரே எண்களில் வந்து நிற்பதற்குக் காரணம் அந்தப் பட்டியலும் அதில் இட்ட எடைகளும்.

ஆனால் பட்டியலைவிடத் தித்ஸ் பெருக்கல் அதிகம் அறிந்தது. 'யாருக்கு யார் சமம்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, யார் முன், யார் பின் என்பதை மறந்தால் பட்டியல் கிடைக்கும். மூவருக்கு 13 சுருங்கி 5 ஆகும். நால்வருக்கு 75 சுருங்கி 15 ஆகும். மறந்தபின் பெருக்கல் பரிமாற்றுப் பண்பு பெற்றுவிடுகிறது. கணிதத்தை முதலில் பார்த்தாலும் இயற்பியலை முதலில் பார்த்தாலும் கடைசியில் பிரியாமல் நிற்பவர்கள் அதே ஆட்கள்தானே. பரிமாற்றம் இல்லாத ஒன்றும், அதை மறந்தபின் கிடைக்கும் பரிமாற்றமுள்ள ஒன்றும் அருகருகே நின்று ஒன்றையொன்று விளக்குவதே இந்தத் துறையின் உயிர்.

இந்த இடத்தில் இந்தியக் கை ஒன்று ஆழமாகப் பதிந்திருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்வப்னீல் மகாஜனும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்செலோ அகியாரும் 2006 முதல் சேர்ந்து எழுதிவரும் நூல்வரிசை இந்தத் துறைக்குப் புதிய அடித்தளம் போட்டது. 2017இல் வந்த நூல் மீத்தள அமைவுகளின் இயற்கணிதத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டி எழுப்புகிறது. 2020இல் வந்தது அதன்மேல் அடுத்த மாடி. ஒன்றைப் பிரிப்பதும் இரண்டைச் சேர்ப்பதும் ஒன்றோடொன்று எப்படி இசைய வேண்டும் என்பது இயற்கணிதத்தில் பழைய கேள்வி. ஒரு வகுப்பை இரண்டு பிரிவாகப் பிரித்து வரிசைப்படுத்துவது பிரித்தல். இரண்டு பிரிவின் வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது சேர்த்தல். ஆட்களும் வகுப்பும் தேவையில்லை, சுவர்களும் தித்ஸ் பெருக்கலும் போதும் என்பது இவர்கள் காட்டியது. முதலில் 'அ'வால் சேர்த்துப் பிறகு 'ஆ'வால் பிரித்தால் என்ன ஆகும் என்ற விதியில் அ·ஆ, ஆ·அ இரண்டும் சேர்ந்தே வருகின்றன. பரிமாற்றம் இல்லை என்பது அங்கே ஒரு குறையாக இல்லை. இரண்டும் வேறுபடுவதால்தான் விதியே நிற்கிறது.

தமிழ்நாட்டுக்குள்ளும் வேலை நடக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பிரியவ்ரத் தேஷ்பாண்டே அமைவுகளைப் பற்றி ஆய்வு செய்பவர். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் எண்ணிக்கையையும் இயற்கணிதத்தையும் இணைக்கும் துறை வலுவாக வேரூன்றியிருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்கும் இந்தக் கணித மரபில் ஓர் இடம் உண்டு. எண்கணிதத்தில் வாரிங் சிக்கல் பற்றிய பணியால் உலகம் அறிந்த எஸ்.எஸ். பிள்ளை, செங்கோட்டை அருகே வல்லத்தில் 1901இல் பிறந்தவர், இண்டர்மீடியட் படித்தது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில். 1950 ஆகஸ்டில் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 49. அவர் செய்தது வேறு துறை. ஆனால் இந்த ஊர் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனிடமிருந்து அத்தகைய கணிதம் வந்தது என்பதை இங்கே கணிதம் கற்பிக்கிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ கணிதப் பாடநூலில் ஈருறுப்புச் செயலி வருகிறது. அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, பரிமாற்றுப் பண்பு, சமனி, எதிர்மறை என்று ஐந்தையும் சோதிக்கச் சொல்கிறது. பிள்ளைகள் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்து மதிப்பெண் வாங்கிவிட்டுப் போகிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் பலகையில் மூன்று பெயர்களை எழுதி, சமன்களோடு கூடிய 13 வரிசைகளையும் அவர்களைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். பிறகு, அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போகும் அந்தக் கலந்தாய்வு விதியால் அவற்றைப் பெருக்கச் சொல்லுங்கள். மூவரும் சமம் என்பதே அதில் சமனி. எதிர்மறை அதற்கு மட்டுமே உண்டு. பெருக்கல் அட்டவணையில் கட்டங்கள் 169. ஒரு பிற்பகலில் கையாலேயே நிரப்பி முடித்துவிடலாம்.